பனி முடியட்டும் என்று நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அந்தப் பக்கத்திலேயே தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் 29 வருடம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு 2023-இல் ஓய்வு பெற்றேன். உங்கள் பத்திரிகை எங்களுக்குப் போடிமெட்டு ஏறி வருகிறது. மூடுபனி கட்டிவிட்டால் காலை பத்து மணிக்கு மேல்தான் கையில் கிடைக்கும். ஆனாலும் ஒரு நாள் விடாமல் வாங்குகிறேன். குளிர்காலம் வந்தால் நீங்கள் உடற்பயிற்சி பற்றி எழுதுகிறீர்கள், நல்ல காரியம்தான். ஆனால் எல்லாக் குறிப்பிலும் "அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து" என்றே ஆரம்பிக்கிறீர்கள். அந்த ஒரு வரி எங்கள் மலையில் எத்தனை பேரைப் பயிற்சியையே கைவிட வைக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூணாறு வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்கழிப் பாதியிலிருந்து தை முடியும் வரை செண்டுவாரை, லெட்சுமி, சைலன்ட் வேலி எஸ்டேட் பக்கமெல்லாம் விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். 2019 ஜனவரி தொடக்கத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேயே இறங்கியது. அந்த மாதிரி நாட்களில் பனி பட்ட தேயிலைமேல் வெயில் விழுந்ததும் கொழுந்து தீயில் காட்டியதுபோல் கருகிவிடும். வெளியூர்க்காரர்கள் அந்தப் பனியைப் பார்ப்பதற்கென்றே விடியுமுன் ஜீப் பிடித்துப் போகிறார்கள், போகட்டும். லயன் என்று நாங்கள் சொல்லும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் விரல் மடங்காது. தண்ணீர்க் குழாயைத் திறக்கவே யோசிப்பாள். அவளிடம் போய் ஐந்து மணிக்கு எழுந்து உடற்பயிற்சி செய் என்றால் நான்கு நாள் செய்வாள், ஐந்தாம் நாள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு "பனி முடியட்டும்" என்பாள்.

அந்த வார்த்தையை நானே என் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். 2016 தை மாதம், வீட்டுக்குப் பின்னால் கல்படியில் காலை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது அவளுக்கு 71 வயது. மலையிறங்கி ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அங்கே பிசியோதெரபி பார்த்த தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், எலும்பு கூடிவிடும். தொடையில் சதையே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கப் பழக்குங்கள், வாரத்துக்கு மூன்று நாள், விடக் கூடாது" என்றார். விடாமல் செய்தோம். முதலில் இரண்டு கையையும் நான் பிடித்துத் தூக்கினால்தான் எழுந்திருப்பாள். ஆடி மாதத்தில் ஒரு கையை விட்டாள். ஐப்பசியில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு லயன் கோடிவரை தனியாகப் போய் வந்தாள். போகிற வழியில் எல்லா வீட்டு வாசலிலும் நின்று பேசிவிட்டு வருவாள். எட்டு மாதம் வீட்டுக்குள் கிடந்தவள் அல்லவா, அவளுக்கு அவ்வளவு பேச்சு இருந்தது.

மார்கழி பிறந்தது. அந்த வருடம் குளிர் கடுமை. காலையில் அவளை எழுப்பிப் பயிற்சிக்கு உட்கார வைத்தால் உடம்பு நடுங்கும். எனக்கும் பள்ளிக்கூடம் போகும் அவசரம். "சரிம்மா, பனி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். தை கழிந்தது. மாசியில் வெயில் வந்தபோது அம்மாவால் கட்டிலிலிருந்து தானாக எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தோம், கை பிடித்தோம், அந்தத் தம்பியையும் வரவழைத்தோம். போன வலு திரும்பவே இல்லை. 2018 ஆடியில் அம்மா போய்ச் சேரும்வரை குளியலறைக்கு அவளைத் தாங்கித்தான் கூட்டிப் போனேன். அவளை முடக்கியது வழுக்கி விழுந்தது என்றுதான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியும், விழுந்ததிலிருந்து அவள் எழுந்து வந்துவிட்டாள். நான் நிறுத்திய அந்த இரண்டு மாதம்தான் அவளை முடக்கியது.

பிற்பாடு ஓர் ஆராய்ச்சி பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் செய்து 1990-இல் வெளியிட்டது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேரை எடுத்துக்கொண்டு எட்டு வாரம் தொடைக்கு நல்ல கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்றவர்களுக்குத் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே கீழே வைத்துவிட்டார்கள். தொண்ணூறு வயதில்! இதுவரை படித்தபோது மனம் குளிர்ந்தது. அப்புறம்தான் அடுத்த செய்தி வந்தது. பயிற்சியை நிறுத்தி நான்கே வாரத்தில் அவர்களுடைய வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நான்கு வாரம் என்பது ஒரு மார்கழி. நாங்கள் அம்மாவை இரண்டு மாதம் உட்கார வைத்திருந்தோம்.

என் கதைக்கு வருகிறேன். 2021 சித்திரையில், கொரோனாவால் பள்ளி மூடிக்கிடந்த நாட்களில், ஒரு மத்தியானம் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்து எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, மூச்சுவாங்கி எழுந்தேன். அதே நிலையைப் பிடித்துத்தான் அம்மாவும் எழுந்திருப்பாள். அவள் கை பட்டுப் பட்டு அந்த இடத்தில் பெயின்ட் போயிருக்கிறது. எனக்கு அப்போது 54 வயது. அன்றைக்கே அம்மாவின் நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

பெண் எடை தூக்குவது எனக்குப் புதிய செய்தி இல்லை. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆந்திரத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினாரே, ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண், அந்தப் படத்தை உங்களைப் போன்ற ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்து மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒட்டியவள் நான். பெண் பிள்ளைகள் அதன் கீழே நின்று கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். எங்கள் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். ஊரில் இளவட்டக்கல் தூக்கிய கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் கதையில் ஆச்சிகளுக்கு இடம் இல்லை. உரலும் உலக்கையும் ஆட்டுக்கல்லும் அவர்களுக்கு வலு கொடுத்தன, யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. இப்போது மிக்ஸியும் கிரைண்டரும் வந்துவிட்டன, வரவும் வேண்டும். ஆனால் அந்த வலுவுக்கு மாற்றாக ஒன்றும் வரவில்லை.

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருத்தல் முதலாவது. கையை முழங்காலில் ஊன்றாமல், நெஞ்சோடு கட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது, மூன்று எண்ணி இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் தொடைக்கு வேலை. ஆரம்பத்தில் எனக்கு ஐந்து தடவைக்கு மேல் வரவில்லை. பத்து சுலபமாக வந்ததும் இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பிறகு மூன்று, ஐந்து. இப்போது எட்டுக் கிலோ வைத்துக்கொண்டு பத்துப் பத்தாக மூன்று சுற்று. அடுத்தது, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டை, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து தரையிலிருந்து எடுத்து நிமிர்வது. ஐந்து லிட்டர் தண்ணீர் ஐந்து கிலோ, எடைக்கல் தேட வேண்டியதில்லை. சுவரில் கை வைத்துத் தண்டால், அது பழகியதும் மேசை விளிம்பில். ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டி நெஞ்சுப் பக்கம் இழுப்பது. வாசற்படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. கட்டன் சாயா கொதிக்கும் நேரத்தில் அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் கூட ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் எல்லோரும் வாரத்துக்கு இரண்டு நாளாவது உடம்பின் முக்கியமான தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்றும், 65 வயது தாண்டியவர்கள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாள் செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. நடந்தால் போதும் என்று அதில் இல்லை. நடை நெஞ்சுக்கு நல்லது. தரையிலிருந்து எழுந்திருக்கும் வலுவை நடை மட்டும் தந்துவிடாது. தந்திருந்தால் வாழ்நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த என் அம்மாவுக்கு அந்தக் கதி வந்திருக்காது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் முதல் இரண்டு குளிரில் நான் தோற்றேன். 2021 கார்த்திகை வரை ஒழுங்காக வந்தது. பிறகு சபரிமலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கூட்டம், கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் ராத்திரி பதினொரு மணிவரை, புது வருடம், பொங்கல். நடுவில் குளிர். காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து சிமென்ட் தரையில் கால் வைத்தால் முழங்கால் மரக்கட்டைபோல் இருக்கும். ஒரு நாள் விட்டேன், இரண்டு நாள் விட்டேன், பங்குனியில்தான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து வந்த இடத்தில் நான்கு வந்தது. மறு வருடமும் இதே கதை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்குச் செய்ததையே எனக்கும் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது குளிரில் பயிற்சியை மாற்றவில்லை, நேரத்தை மாற்றினேன். அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் வீட்டு முன்வாசலில் பதினொரு மணிக்கு வெயில் விழும். ஞாயிறும் புதனும் பதினொரு மணி என்று வைத்துக்கொண்டேன். அதிகாலைதான் புனிதம், பகலில் செய்தால் பலன் இல்லை என்று எங்கள் தலையில் ஏறியிருக்கிறதே, அதை இறக்கி வைக்க எனக்கு 56 வயது ஆக வேண்டியிருந்தது. தசை குளிர்ந்திருந்தால் மெதுவாகச் சுருங்கும், அதன் வேகமும் விசையும் குறையும். மூட்டுக்குள் இருக்கும் பசைநீரும் குளிரில் கெட்டிப்படும். தோலில் இரத்தக் குழாய் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். இதெல்லாம் உடம்பின் இயல்பு, சோம்பேறித்தனம் இல்லை. அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உறைபனியில் விடியற்காலையில் எடை தூக்குவது ஆபத்தும்கூட. பதினொரு மணி வெயிலில் அதே உடம்பு வேறு உடம்பு.

இன்னொன்றும் செய்தேன். பள்ளியில் எழுதித் தீராத ஒரு பழைய வருகைப் பதிவேடு வீட்டில் இருந்தது. அதில் என் பெயரை எழுதி, பயிற்சி நாளில் வருகை போட்டேன். குளிர் மாதங்களுக்கென்று ஒரு சலுகையும் வைத்தேன்: முடியாத நாளில் மூன்று சுற்றுக்குப் பதில் ஒரே சுற்று. ஆனால் எடையைக் குறைக்கக் கூடாது. ஒரு சுற்று செய்தாலும் வருகை உண்டு. இதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தில் இளையவர்களும் 60 வயது தாண்டியவர்களுமாக 70 பேருக்கு 16 வாரம் பயிற்சி கொடுத்து, பிறகு 32 வாரம் சிலருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் சிலருக்கு ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைத்துப் பார்த்தார்கள். வலுவை ஏற்ற எவ்வளவு உழைக்க வேண்டுமோ அதைவிட மிகக் குறைவாகவே அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்குச் சதை வற்றாமல் இருக்க இளையவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அந்த மார்கழியிலும் தையிலும் பதிவேட்டில் இரண்டே இரண்டு விடுப்பு. மாசியில் நாற்காலியில் உட்கார்ந்தபோது பத்து பத்தாகவே இருந்தது. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

குளிர்காலத்துக்கு என்று சில கவனங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். தூக்குமுன் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து, கையைச் சுழற்றி, எடை இல்லாமல் ஒரு சுற்று செய்து உடம்பில் சூடேற்றிக்கொள்ள வேண்டும். ஸ்வெட்டரை முதலிலேயே கழற்ற வேண்டாம், வேர்க்க ஆரம்பித்ததும் கழற்றலாம், முடித்ததும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். வெறுங்காலில் சிமென்டில் நிற்க வேண்டாம். மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கினால் அழுத்தம் எகிறும். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய நோய், அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நெஞ்சில் பாரமோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

என் வாசலில் நடப்பதைப் பார்த்து முதலில் வந்தவள் பக்கத்து லயனில் இருக்கும் ஓர் அக்கா. அறுபது வயது தாண்டியவள், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். வந்து நின்று பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "முப்பது வருசம் கொழுந்துச் சாக்கு சுமந்தேன் டீச்சர். இன்னுமா சுமக்கணும்?"

அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்காமல் இந்த விஷயத்தைப் பேசவே கூடாது. 2015 செப்டம்பரில் மூணாறில் ரோட்டில் உட்கார்ந்து போராடிய ஆயிரக்கணக்கான பெண்களில் அவளும் ஒருத்தி. கூலிக்காகச் சுமந்த பாரமும், கைக்கத்தரி பிடித்துப் பிடித்துத் தோளில் வந்த வலியும் அவள் உடம்பில் இருக்கின்றன. அவளிடம் உழைத்தது போதாது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நான் அவளை உட்கார வைத்து எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அந்தச் சாக்கு எவ்வளவு கனம் என்பதை நீ தீர்மானிக்கவில்லை அக்கா. வலிக்கிற நாளில் குறைக்க முடியாது, வலு இருக்கிற நாளில் ஓய்வெடுக்க முடியாது. ஒரே அசைவு, ஒரே தோள், வருடக்கணக்காக. அது உடம்பைத் தேய்த்தது. வேலை நின்ற அன்றைக்கு எல்லாமே ஒன்றாக நின்றுபோனது, தேய்மானம் மட்டும் தங்கிவிட்டது. இந்த அரிசிப் பையின் கனத்தை நீ தீர்மானிக்கிறாய். இன்றைக்கு இரண்டு கிலோ, முடிந்தால் அடுத்த மாதம் மூன்று. நடுவில் உடம்புக்கு இரண்டு நாள் ஓய்வு. இது உனக்காகச் சுமப்பது.

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, மெதுவான குரலில், கழிவறையில் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, ராத்திரியில் பயமாக இருக்கிறது என்றாள். எங்கள் பக்கம் பல பெண்களின் பயம் அதுதான், வெளியில் சொல்வதில்லை. மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்குப் போகவே இதனால் தயங்குகிறார்கள். நாற்காலியில் ஆரம்பித்தாள். நாற்காலிமேல் இரண்டு பலகை வைத்து உயரமாக்கி, மாதத்துக்கு ஒரு பலகையை எடுத்தோம். அப்புறம் குட்டை முக்காலி. போன ஆவணியில் அவள் என்னிடம் வந்து, "டீச்சர், சுவத்தப் பிடிக்கல" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் புரிந்தது.

இப்போது நாங்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் இன்னும் தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்குப் பதினொரு மணி கிடையாது. ஞாயிறு மட்டும் எங்களோடு வருகிறார்கள். இன்னொரு நாள், வேலை முடிந்து மேடேறி வீட்டுக்கு வந்த சூட்டோடு, அடுப்படியில் உட்காருவதற்கு முன்பே, ஒரு சுற்று முடித்துவிட்டுக் குளிக்கிறார்கள். உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டால் அன்றைக்குப் போச்சு என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். சாப்பாட்டையும் கொஞ்சம் கவனிக்கிறோம். கஞ்சியும் ஊறுகாயும் சதை கட்டாது. சதைக்குப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. மொச்சை, கடலை, பச்சைப்பயறு, கருவாடு எல்லாம் நமக்குப் பழகியவைதான். பயிற்சி முடிந்ததும் எங்களில் ஒருவர் முறைவைத்துச் சுண்டல் கொண்டுவருகிறார்கள். அந்தச் சுண்டலுக்காகவும் பேச்சுக்காகவும் பாதிப் பேர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். அதுவும் நல்லதுதான், தனியாக இருந்தால் தையில் நானே இன்னொரு தடவை விட்டிருப்பேன்.

இனி நான் கேட்க வந்தது. என் வாசலில் ஆறு பேருக்கு மேல் இடம் இல்லை. மழை தூறினால் அதுவும் இல்லை. கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவித் திட்டம் இருக்கிறது, ஒவ்வொரு வார்டிலும் அயல்கூட்டங்கள் இருக்கின்றன. பத்து முதல் இருபது பெண்கள் வாரம் ஒரு முறை கூடிச் சேமிப்புப் பணத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள். பெண்கள் தவறாமல் கூடும் இடம் எங்கள் பக்கத்தில் வேறு ஒன்றும் இவ்வளவு உறுதியாக இல்லை. பணத்தை எண்ணுவதற்கு முன் இருபது நிமிடம் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் என்ன? இதற்குப் பெரிய நிதி வேண்டாம். நாற்காலி இருக்கிறது, தண்ணீர்க் கேன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பஞ்சாயத்துகள் சமுதாயக் கூடத்தையோ வாசகசாலையின் ஓர் அறையையோ மார்கழி, தை, மாசி மூன்று மாதம் பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரையும், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை ஐந்திலிருந்து ஆறுவரையும் திறந்து வைத்தால் போதும். மாதம் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் வந்து இரத்த அழுத்தம் பார்த்து, யாருக்கு எந்தப் பயிற்சி கூடாது என்று சொன்னால் இன்னும் நல்லது. தயவுசெய்து பூங்காவில் வைக்கிற இரும்புச் சாதனங்களை மட்டும் இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டாம். மார்கழியில் பத்து மணிவரை அந்தக் கம்பியில் பனிநீர் சொட்டும், கை வைத்தால் சுள்ளென்று இருக்கும். கொடைக்கானல், வால்பாறை, கூடலூர் வாசகர்களும் இதையே சொல்வார்கள்.

உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த தடவை குளிர்காலப் பயிற்சி பற்றி எழுதும்போது, மலையில் இருப்பவர்களுக்கு என்று இரண்டு வரி சேருங்கள். வெயில் வந்த பிறகு செய்யலாம், வீட்டுக்குள் செய்யலாம், குறைத்துச் செய்யலாம், நிறுத்தக் கூடாது என்று போடுங்கள். டீச்சர் சொன்னால் கேட்காதவர்கள் பேப்பரில் வந்தால் கேட்கிறார்கள்.

எங்கள் வார்டு உறுப்பினரிடம் சமுதாயக் கூடத்துச் சாவி கேட்டிருக்கிறோம். மார்கழி முதல் தேதிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய பதிவேட்டில் இடம் தீர்ந்துவிட்டதால் புதியது ஒன்று வாங்கி, இப்போதைக்கு ஆறு பெயரை எழுதி, கீழே முப்பது வரி காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம்.